மில், ஆலை, எந்திரம்: ஓர் ஆங்கிலச் சொல்லின் தமிழ் நிகரன்களும் எறையூர் வட்டார வழக்கும்

ஆய்வுச்சுருக்கம்

'மில்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு ஆலை, அரவை எந்திரம், தொழிற்சாலை, செக்கு எனப் பல தமிழ்ச் சொற்களை இருமொழி அகராதிகள் வரிசையாகத் தருகின்றன. இவை ஒன்றுக்கு ஒன்று மாற்றாக நிற்கக்கூடியவை என்ற எண்ணத்தை இவ்வரிசை உண்டாக்குகிறது. பத்துப்பாட்டில் ஆலை என்பது இடத்தையும் எந்திரம் என்பது பொறியையும் குறித்து வேறுபட்டு நின்றன என்பதையும், இவ்வேறுபாடு பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் இன்றைய தொழில் வழக்கில் வேறு வடிவில் தொடர்கிறது என்பதையும் இக்கட்டுரை எடுத்துக்காட்டுகிறது. ஆங்கிலச் சொல்லின் வரவு தமிழ்ப் பெயர்ச்சொற்களைவிட வினைச்சொற்களையே மிகுதியாக மாற்றியுள்ளது என்பது இதன் இரண்டாவது கருத்து.

திறவுச்சொற்கள்: மில், ஆலை, எந்திரம், அரவை, நிகரன், எறையூர், சொற்பொருள் மாற்றம்

முன்னுரை

'ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை' என்பது தமிழர் அனைவரும் அறிந்த பழமொழி. அதன் கருத்தை எல்லோரும் சொல்லிவிடுவர். சொற்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கேட்டால்தான் சிக்கல் தெரிகிறது. இன்றைய மாணவர்க்கு ஆலை என்றால் பஞ்சாலை, உருக்காலை, சிமெண்ட் ஆலை, காகித ஆலை. இவற்றுள் எது இல்லாத ஊரில் இலுப்பைப்பூ சர்க்கரையாகும்? அடைமொழி எதுவும் இன்றி 'ஆலை' என்ற அளவிலேயே கரும்பாலையைக் குறித்த காலத்தில் இப்பழமொழி பிறந்தது. சர்க்கரை என்ற சொல் பின்னால் வருவதால் மட்டுமே இன்று அப்பொருள் பிடிபடுகிறது. ஒரு சொல் தன் சிறப்புப் பொருளை இழந்து பொதுப்பொருள் பெற்றதற்கு இதனினும் எளிய சான்று தேவையில்லை.

இப்பொதுமையாக்கம் 'மில்' என்னும் ஆங்கிலச் சொல்லின் நிழலில் நிகழ்ந்தது என்பது பொதுவான கருத்து. அதில் உண்மை உண்டு. ஆயினும் அது முழுமையான விளக்கம் ஆகாது. பெரம்பலூர் மாவட்டம் எறையூரில் அரசுத் துறைச் சர்க்கரை ஆலையும், அண்டை மாவட்டமான அரியலூரில் சிமெண்ட் ஆலைகளும் இருப்பதால், இச்சொற்கள் ஒரே வட்டாரத்தில் அருகருகே வழங்கக் காணலாம். எனவே இவ்வட்டார வழக்கைச் சான்றாகக் கொண்டு இக்கருத்து இங்கு மறுபார்வைக்கு உட்படுத்தப்படுகிறது.

ஆங்கிலத்தில் 'மில்'

'மில்' என்பது ஆங்கிலத்துக்கும் கடன்சொல்லே. அரைத்தல் என்னும் பொருள்தரும் இலத்தீன் வினையடியிலிருந்து மாவரைக்கும் இடத்தைக் குறிக்கும் பெயர் தோன்றி, பழைய ஆங்கிலத்துக்குள் வந்தது. கடைவாய்ப்பல்லுக்கான ஆங்கிலச் சொல்லும் அதே அடியினதுதான். தானியம் அரைக்கும் கல், அக்கல்லைச் சுழற்றும் பொறி, அப்பொறி நிற்கும் கட்டடம் ஆகிய மூன்றுக்கும் அந்த ஒரு சொல்லே வழங்கியது. நீராலும் காற்றாலும் அப்பொறியைச் சுழற்றியதால் நீர்மில், காற்றுமில் என்ற தொடர்கள் அமைந்தன.

நூல் நூற்கும் இடத்துக்கு இப்பெயர் ஏன் வந்தது என்பது கவனிக்கத்தக்கது. அங்கு அரைப்பதற்கு எதுவும் இல்லை. 1771இல் ரிச்சர்ட் ஆர்க்ரைட் இங்கிலாந்தின் குரோம்ஃபர்டில் தொடங்கிய நூற்பகம் நீர்ச்சக்கரத்தால் இயங்கியது. மாவரைக்கும் பொறியைச் சுழற்றிய அதே ஆற்றல் கதிர்களைச் சுழற்றியபோது பழைய பெயரே புதிய இடத்துக்கும் நிலைத்தது. எனவே ஆங்கிலத்தில் பொருள்விரிவுக்கு வழியாக அமைந்தது இயக்கும் ஆற்றலே ஆகும். பின்னர் நீராவியும் மின்சாரமும் வந்தபோதும் பெயர் மாறவில்லை.

இதன் நிகரன்களாகக் கருதப்படும் மற்றச் சொற்களின் வரலாறு வேறு. 'ஃபேக்டரி' முதலில் உற்பத்தி இடத்தைக் குறிக்கவில்லை. வணிக முகவர் தங்கிச் சரக்கைச் சேர்த்துவைக்கும் இடத்தின் பெயர் அது. கிழக்கிந்தியக் கும்பினி 1611இல் மசூலிப்பட்டினத்தில் அமைத்த ஃபேக்டரியில் எப்பொருளும் உற்பத்தியாகவில்லை. தமிழில் அதற்குப் பொருத்தமான சொல் பண்டகசாலை. அந்நூற்றாண்டு ஆவணங்களை மொழிபெயர்ப்போர் இவ்விடங்களைத் 'தொழிற்சாலை' என்று எழுதிவிடுவதை இன்றும் காணமுடிகிறது. இது சிறு பிழையன்று. வணிகக் கிடங்கு இருந்த இடத்தில் அப்பிழை ஓர் உற்பத்திக் கூடத்தையே கட்டியெழுப்பிவிடுகிறது. 'பிளான்ட்' என்பது நடுதல் என்னும் பொருளிலிருந்து, ஓரிடத்தில் நிறுவப்பட்ட பொறித்தொகுதி என்னும் பொருளுக்கு வந்தது.

ஆகவே மில், ஃபேக்டரி, பிளான்ட் என்பன இன்று ஒரே கட்டடத்தைக் குறிக்கலாம். எனினும் முதலாவது செயலிலிருந்தும், இரண்டாவது ஆளிலிருந்தும், மூன்றாவது நிறுவுதலிலிருந்தும் பிறந்தவை. நிகரன் என்று இவற்றை ஒரே வரியில் எழுதும் அகராதி இவ்வேறுபாட்டை மறைக்கிறது.

பத்துப்பாட்டில் ஆலையும் எந்திரமும்

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் (1924–1936) ஆலை என்பதற்குக் கரும்பு பிழியும் பொறி என்னும் பொருளைத் தருகிறது. அதன் வழிவந்த அகராதிகளும் அவ்வாறே கூறுகின்றன. இதைக் கொண்டே, பொறியின் பெயராக இருந்த ஆலை ஆங்கிலத் தாக்கத்தால் இடத்தின் பெயராயிற்று என்று கருதப்படுகிறது. சங்கப் பனுவல்களின் சான்று இதற்கு இடம் தரவில்லை.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் மருதநில வழிச்செல்லும் பாணர்க்குக் கரும்பின் சாறு பருகும் இடம் காட்டப்படுகிறது. அப்பகுதியில் எந்திரம், ஆலை ஆகிய இரு சொற்களும் அடுத்தடுத்து வருகின்றன. ஓயாது முழங்குவது எந்திரம். புகை சூழ்ந்து நிற்பது ஆலை. விசயம் எனப்படும் கட்டியை அடுவதும் ஆலையே. இங்கு 'அடுதல்' என்னும் வினை முடிவான சான்றாகிறது. அடுதல் நெருப்பின் தொழில். சாறு பிழியும் உருளை எதையும் அடாது. எனவே இப்பாட்டில் ஆலை என்பது பொறியைக் குறித்திருக்க இயலாது. பொறியும் அடுப்பும் கொப்பரையும் ஆட்களும் சேர்ந்த தொழிலிடத்தையே அது குறிக்கிறது.

அதே புலவரின் பட்டினப்பாலையும் இதை வலுப்படுத்துகிறது. காவிரி நாட்டின் வளத்தைக் கூறத் தொடங்கும் பகுதியில், கரும்பாலையின் தீப்பட்டு அருகிலுள்ள வயலின் நெய்தற்பூ அழகிழந்து வாடுகிறது. தீ ஆலைக்கு உரியதாகக் கூறப்படுகிறது. பெருங்கௌசிகனாரின் மலைபடுகடாத்தில் 'ஆலைதொறும்' கரும்பின் ஏத்தம் கணுக்களை உடைக்கும் ஓசை எழுகிறது. அங்குப் பொறியின் பெயர் ஏத்தம். அது இருக்கும் இடம் ஆலை. ஐங்குறுநூறு 55, புறநானூறு 322 ஆகிய பாடல்களில் ஓசை மட்டுமே பேசப்படுகிறது. ஐங்குறுநூற்றில் அவ்வோசை களிற்றின் பிளிறலுக்கு எதிராக ஒலிக்கிறது. புறநானூற்றில் அதனால் அருகிலுள்ள நீரில் வாளைமீன் துள்ளுகிறது. இரண்டிலும் ஆலை என்ற சொல் இல்லை. எந்திரம் என்பதே உள்ளது. ஒலிப்பது பொறி, புகைவது இடம். இப்பாடல்களில் இவ்வேறுபாடு தவறாமல் காக்கப்பட்டுள்ளது.

பிற்காலத்தில் ஆலை பொறிக்கும் பெயரானதை மறுப்பதற்கில்லை. 'ஆலையில் இட்ட கரும்பு' என்னும் உவமையில் அது பொறியே. ஆனால் அதுதான் முதற்பொருள் என்று கொள்வதற்கு முற்பட்ட சான்று துணைசெய்யவில்லை. கன்னடத்தில் வெல்லம் காய்ச்சும் இடம் 'ஆலெமனெ' எனப்படுகிறது. மனெ என்னும் இடப்பெயரை அங்குத் தனியே சேர்க்க வேண்டியிருப்பதால், கன்னடத்தில் பொறிப்பொருள் முந்தி நின்றது எனலாம். தமிழில் அத்தேவை சங்க காலத்தில் எழவில்லை.

இங்கு வேறொன்றும் நோக்கத்தக்கது. எந்திரம் என்பது வடமொழி யந்திரத்தின் தமிழ் வடிவம் எனப் பலரும் கருதுவர். அவ்வாறாயின் அன்றும் பொறியின் பெயர் வெளியிலிருந்து வந்தது; தொழிலிடத்தின் பெயர் தமிழாக இருந்தது. 'மில்' வந்தபோதும் ஏறத்தாழ இதுவே நிகழ்ந்தது என்பதை அடுத்து வரும் வழக்குகள் காட்டும்.

எறையூரும் அரியலூரும்

எறையூர் ஆலையின் ஆங்கிலப் பெயர் 'பெரம்பலூர் சுகர் மில்ஸ்'. தமிழ்ப் பெயர் பெரம்பலூர் சர்க்கரை ஆலை. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழும் 1966ஆம் ஆண்டுக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழும் இத்தகைய இடம் 'ஃபேக்டரி', அதாவது தொழிற்சாலை எனப்பட்டது. நிறுவனப் பெயரில் மில், சட்டத்தில் ஃபேக்டரி, செய்தித்தாளில் ஆலை என ஒரே வளாகம் மூன்று பெயர்களைத் தாங்கி நிற்கிறது. உழவர் பேச்சில் அது 'மில்லு'. மில்லுக்குக் கரும்பு ஏற்றியாயிற்று என்பார்களே அன்றி ஆலைக்கு ஏற்றியாயிற்று என்பது பேச்சில் அரிது.

வளாகத்துக்குள் நுழைந்தால் நிலைமை மாறுகிறது. சர்க்கரைத் தொழில்நுட்பத்தில் மில் என்பது மூன்று உருளைகள் கொண்ட ஒரு பிழிபொறி. அவ்வாறான நான்கு முதல் ஆறு வரையிலான பொறிகள் தொடராக நிற்கும். முதல் மில்லில் பிழிந்த சக்கை இரண்டாம் மில்லுக்குச் செல்லும். கடைசி மில்லிலிருந்து வெளிவரும் சக்கை கொதிகலனுக்கு எரிபொருளாகும். அவை நிற்கும் கூடம் 'மில் ஹவுஸ்'. சாறு காய்ச்சும் பகுதிக்குப் பெயர் 'பாய்லிங் ஹவுஸ்'. வெளியே நிற்பவருக்கு முழு வளாகமும் மில். உள்ளே பணிபுரிபவருக்கு அதன் ஒரு பகுதி மட்டுமே மில். பெரும்பாணாற்றுப்படை எந்திரம், ஆலை என்று இரண்டாகப் பிரித்ததை ஆங்கிலம் ஒரே சொல்லுக்குள் அடக்கிவைத்திருக்கிறது. பிழியும் கூடமும் காய்ச்சும் கூடமும் சேர்ந்த முழுமைக்கு ஆலை என்ற சொல், உருத்திரங்கண்ணனார் வழங்கிய அதே பொருளில் இன்றும் சரியாகப் பொருந்துகிறது.

அரியலூரில் இவ்வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. அங்கு 1979இல் தமிழ்நாடு சிமெண்ட்ஸ் கழகத்தின் ஆலை தொடங்கப்பட்டது. பின்னர், சுண்ணாம்புக்கல் வளத்தால் தனியார் ஆலைகள் பலவும் அமைந்தன. ஆங்கிலத்தில் இவற்றை எவரும் சிமெண்ட் மில் என்று அழைப்பதில்லை. அவை பிளான்ட் அல்லது ஃபேக்டரி. அத்தொழிலில் சிமெண்ட் மில் என்பது வேறு: சூளையில் வெந்த கிளிங்கரை ஜிப்சத்துடன் சேர்த்துப் பொடியாக்கும் எஃகு உருளை அது. மூலக்கற்களை அரைக்க ஒரு மில், நிலக்கரியை அரைக்க ஒரு மில் என உள்ளே மில்கள் பல. அகராதியை நம்பி ஆலை, மில் இரண்டும் ஒன்றே என்று கொண்டு 'சிமெண்ட் ஆலை' என்பதை ஆங்கிலத்தில் பெயர்த்தால், ஒரு பொறியின் பெயர்தான் கிடைக்கும். மறுதலையாக, தொழில்நுட்பக் கையேட்டில் வரும் 'சிமெண்ட் மில்' என்பதைச் சிமெண்ட் ஆலை எனத் தமிழாக்கினால் ஓர் உருளையைப் பழுதுபார்க்கும் குறிப்பு முழு வளாகத்துக்கும் உரியதாகிவிடும். தொழிலாளர் பாதுகாப்பு அறிவுறுத்தல்களில் இத்தகைய மயக்கம் ஏற்பட்டால் விளைவு மொழிப்பிழை என்ற அளவில் நின்றுவிடாது.

இலங்கைத் தமிழில் இப்பகுப்பு சற்று வேறாக அமைந்தது. காங்கேசன்துறையில் இருந்தது சீமெந்துத் தொழிற்சாலை. வாழைச்சேனையில் இருந்தது காகித ஆலை. தமிழ்நாட்டில் சேலம் இரும்பும் அரியலூர் சிமெண்டும் ஆலைக்குள் அடங்கிவிட்டன. நூற்பாலை, உருக்காலை, வடிப்பாலை எனச் சொற்புணர்ச்சியில் எளிதாக ஒட்டிக்கொள்ளும் தன்மை ஆலைக்கு இருப்பதும் இதற்கு ஒரு காரணம். தொழிற்சாலை என்னும் சொல்லின் ஈற்றோசையும் இதனோடு ஒத்திருப்பதால் பலர்க்கு ஆலை தனிச்சொல்லாகவே தோன்றுவதில்லை. இடம் குறிக்கும் விகுதிபோல் வழங்கப்படுகிறது. பொருள் தளர்ந்து விகுதியாகும் நிலை சொல்லின் வாழ்வில் இயல்பானதே. ஆனால் சுவை போய்விடுகிறது. வெல்லம் காய்ச்சும் சிற்றிடத்தை இன்று 'ஆலைக்கொட்டகை' என்று வேறுபடுத்த வேண்டியுள்ளது. சொல்லின் பழைய உரிமையாளருக்கே அடைமொழி தேவைப்படுகிறது!

வினைகள் பட்ட பாடு

இதுகாறும் பெயர்ச்சொற்களே பேசப்பட்டன. அகராதிகளும் கலைச்சொல் தொகுப்புகளும் பெரும்பாலும் இவ்வளவில் நின்றுவிடுகின்றன. மில் என்பது ஆங்கிலத்தில் வினையுமாகும் என்பதையும், அதன் தாக்கம் தமிழ் வினைகளில் ஆழப் பதிந்திருப்பதையும் அவை கருதுவதில்லை.

ஆங்கிலம் 'மில்' என்னும் ஒரே வினையால் சுட்டும் செயல்களையும் அதைச் சார்ந்தவற்றையும் தமிழ் பொருளுக்கேற்பப் பிரித்தது. நெல்லைக் குத்தினர். குத்திய அரிசியைத் தீட்டினர். மாவை இடித்தனர், தென்மாவட்டங்களில் திரித்தனர். உளுந்தையும் எள்ளையும் ஆட்டினர். பருப்பை உடைத்தனர். மிளகாயை அரைத்தனர். கரும்பை ஆட்டினர் அல்லது பிழிந்தனர். உரல், உலக்கை, திரிகை, ஆட்டுக்கல், அம்மி, செக்கு என ஒவ்வொரு வினைக்கும் உரிய கருவி இருந்தது. கருவியைச் சொல்லாமல் வினையை மட்டும் சொன்னாலே எப்பொருள், எந்நிலையில், எவ்வளவு நொறுங்கும் என்பது கேட்பவர்க்குப் புலப்படும். குத்திய அரிசிக்கும் அரைத்த அரிசிக்கும் உள்ள வேறுபாடு அடுப்பில் தெரிவது. சோழர் கல்வெட்டுகளில் செக்குக்கு விதிக்கப்பட்ட வரி 'செக்கிறை' எனத் தனிப்பெயர் பெற்றது. தறிக்கு உரியது 'தறியிறை'. ஆட்சியும் கருவிகளைப் பிரித்தே எண்ணியது.

ரைஸ்மில் வந்த பின்னர் 'நெல் அரைத்தல்' என்ற வழக்கு எங்கும் பரவியது. உண்மையில் அங்கு நெல் அரைபடுவதில்லை. உருளைகளுக்கிடையே உமி நீங்குகிறது. பின்னர்த் தவிடு நீங்குகிறது. அரிசி முழுதாகவே வெளிவர வேண்டும். நொறுங்கினால் அது குருணை, அதற்கு விலை குறைவு. குருணையாகாமல் காப்பதே நோக்கமாக உள்ள ஒரு செயலை 'அரைத்தல்' என்னும் வினை குறிப்பது முரண். ஆயினும் 'நெல் அரவை' என்பது அரசு அறிவிப்புகளிலும் நிலைபெற்றுவிட்டது. மில் என்றால் அரைப்பது என்னும் ஒற்றைச் சமன்பாடே இதற்குக் காரணமாதல் வேண்டும். மில் என்னும் பெயரை உழவர் கடன்வாங்கினர். அப்பெயரின் இலத்தீன் வினைப்பொருளும் கூடவே வந்து, குத்துதலை வெளியேற்றியது. பெயரைக் கடன்வாங்கியவர்கள் தம் வினையை இழந்தனர்.

கரும்புக்கும் அதுவே நேர்ந்தது. 'அரவைப் பருவம்', 'அரவைத் திறன்' என்பன சர்க்கரை ஆலைகளின் நாள்தோறும் வழங்கும் சொற்கள். எறையூர் வட்டார உழவர்க்கும் அரவை தொடங்கும் நாளே ஆண்டின் முக்கிய நாள். வெட்டு உத்தரவு அதைப் பொறுத்தது. ஆனால் ஆங்கிலம் இங்கு மில் என்னும் வினையை மட்டும் நம்பவில்லை. நசுக்குதல் என்னும் பொருளுடைய 'கிரஷிங்' என்பதையே பெரிதும் வழங்குகிறது. அதை 'அரவை' என்று தமிழாக்கியவர்கள் முன்னிருந்த ஆட்டுதல், பிழிதல் ஆகியவற்றைக் கருதவில்லை. நெல்லில் ஏற்பட்ட வழக்கு கரும்பின்மீதும் ஏற்றப்பட்டதாகலாம். இன்று 'கரும்பு ஆட்டும் பருவம்' என்று எழுதினால் அது வட்டார வழக்கு என்று திருத்தப்படும்.

ஓடுவதும் இயங்குவதும்

சொற்கள் ஏற்கும் வினைமுற்றுகளை நோக்கினால் பேச்சிலும் எழுத்திலும் உள்ள இடைவெளி புலப்படும். மில் ஓடும், நிற்கும். ஆலை இயங்கும், மூடப்படும். முன்னவை பொறிக்குரிய வினைகள், பின்னவை நிறுவனத்துக்குரியவை. பேச்சுமொழி 'மில்' என்பதில் எந்திரத்தையே இன்னும் காண்கிறது. சென்னையில் பக்கிங்காம், கர்நாடிக் மில்கள் மக்களுக்குப் 'பின்னி மில்' ஆயின; மதுரையில் 'ஹார்வி மில்'. 1908இல் தூத்துக்குடியில் வ.உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் துணைநின்ற வேலைநிறுத்தம் கோரல் மில்லில் நடந்தது. இன்றைய வரலாற்று நூல்கள் அதை 'கோரல் ஆலை' என்றும் எழுதுகின்றன. தொழிலாளி வாயில் மில்லாக இருந்தது வரலாற்றாசிரியர் கையில் ஆலையாகிறது. பேச்சுக்குரிய கடன்சொல், எழுத்துக்குரிய தமிழ்ச்சொல் என்ற பிரிவினை நெடுங்காலமாக இவ்வாறு நிலவுகிறது.

கரும்பு நிலுவை பற்றிய பேச்சில் இவ்விடைவெளி பொருளாதாரப் பொருளும் பெறுகிறது. 'ஆலை நிர்வாகம் நிலுவைத் தொகையை வழங்கவில்லை' என்பது செய்தித்தாள் தொடர். இதில் ஆலைக்கு எழுவாய்த் தன்மையும், அதனால் பொறுப்பும் உண்டு. கரும்பு விளையும் வட்டாரங்களில் கேட்கும் பேச்சுத்தொடர் 'மில்லுல இன்னும் பணம் போடல' என்பது. இங்கு மில் இடவேற்றுமையில் நிற்கிறது. பணம் போடாதவர் யார் என்பது தொடரில் இல்லை. கோரிக்கை மனு எழுதுபவர் இத்தொடரை ஆலை என்னும் எழுவாய் கொண்டதாக மாற்றும்போது இலக்கணத்தோடு கடனாளியும் தெளிவாகிறார். தமிழ்ச்சொல்லின் பயன் என்ன என்று வினவுவோர்க்குத் தூய்மைவாதத்தைவிட இது பொருத்தமான விடை.

எதிர்மறைச் சூழல்களில் ஆலை மிகுந்து வருவதும் கருதத்தக்கது. ஆலைக்கழிவு, ஆலைப்புகை என்பன இயல்பாக வழங்குகின்றன. தூத்துக்குடியில் செம்பு உருக்கும் நிறுவனம் 2018ஆம் ஆண்டுப் போராட்டச் செய்திகளில் பெரும்பாலும் 'ஸ்டெர்லைட் ஆலை' என்றே குறிக்கப்பட்டது. வேலைவாய்ப்பு பற்றிய அறிவிப்புகளிலோ தொழிற்சாலை என்பது முன்நிற்கிறது. ஆலைத்தீயில் வாடிய நெய்தலைப் பட்டினப்பாலை வளத்தின் அடையாளமாகக் கூறியது. புகை அன்றும் இச்சொல்லின் பொருட்கூறாக இருந்தது. அதன் மதிப்பு மட்டும் தலைகீழாயிற்று.

எறையூரில் இப்போது மற்றொரு சொல் சேர்ந்திருக்கிறது. அங்குள்ள சிப்காட் வளாகத்தில் காலணி உற்பத்தித் திட்டத்துக்கு 2022இல் அடிக்கல் நாட்டப்பட்டது. அறிவிப்புகளில் அது 'தொழிற்பூங்கா'. ஆங்கிலத்தில் 'பார்க்' என்பது வேலியிட்ட பரப்பு என்னும் பழம்பொருளை உடையது. அதனால் வண்டி நிறுத்துமிடத்துக்கும் ஆயுதக் கிடங்குக்கும் அச்சொல் பொருந்தியது. தமிழில் பூங்கா என்பது பூக்கள் நிறைந்த கா. ஆங்கிலச் சொல்லின் ஒரு பொருளை மட்டும் பிடித்து, அதன் எல்லா ஆட்சிகளுக்கும் அதையே நிகரனாக வைக்கும் அதே முறைதான் இங்கும். மில்லுக்கு ஆலை வாய்த்ததுபோல் பார்க்குக்குப் பூங்கா வாய்க்கவில்லை. ஆலைக்குள் புகை இருந்தது; பூங்காவுக்குள் புகைக்கும் வியர்வைக்கும் இடமில்லை. மக்கள் பேச்சோ இதைப் பொருட்படுத்தவில்லை. தமிழ்நாட்டுப் பேச்சில் உற்பத்தி இடங்களுக்கெல்லாம் வழங்கும் பொதுச்சொல் 'கம்பெனி'. எறையூர்ப் பக்கத்தில் பூங்காவுக்கு வேலைக்குச் செல்வதாக எவரும் கூறுவதில்லை; செருப்புக் கம்பெனிக்குச் செல்கிறார்கள், மில்லுக்குக் கரும்பு அனுப்புகிறார்கள்.